514 வர வேண்டிய இடத்தில்

தரவு அறிவியலில் பெண்களை ஊக்குவிக்க நடத்தும் வைட்ஸ் டேட்டாத்தான் 2023 போட்டியில் பெயர் கொடுத்தது ஐந்து நிமிட வேலை. இத்தகைய தரவுப் போட்டிகள் நடக்கும் கேகிள் தளத்தில் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு அதில் சொல்ல ஒன்றுமில்லை. அணியில் நான்கு பேர் வரை இருக்கலாம், குறைந்தது பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது அந்த ஆண்டின் விதி. என்னோடு வேலை பார்க்கும் இளையவள் ஒருத்தியும் நானும் சேர்வது என்று முதல் நாளே முடிவாகிவிட்டது. "முதலில் தனித்தனியாகச் செய்து பார்ப்போம் அக்கா, எது நன்றாக வருகிறதோ அதை வைத்துச் சேர்ந்துகொள்ளலாம்" என்றாள். எனக்கும் சரியென்று பட்டது. தலைவலி அங்கேதான் தொடங்கியது.

ஒரு நாளைக்கு இத்தனை விடைகள்தான் அனுப்பலாம் என்று வரம்பு உண்டு. நான்கு நாள், அந்த அளவு முழுவதையும் இருவருமே அனுப்பித் தீர்த்தோம். பிறகு அணியாகச் சேரப் போனால் முடியவில்லை. இருவரும் அனுப்பிய விடைகளின் கூட்டுத்தொகை, ஓர் அணிக்கு அந்தத் தேதிவரை அனுமதித்த எண்ணிக்கையைத் தாண்டக் கூடாது என்று விதியில் இருக்கிறது. நாங்கள் படிக்கவில்லை. கணக்கு சமமாகும்வரை இன்னும் நான்கு நாள் எதையும் அனுப்பாமல் காத்திருந்தோம். சேர்வதற்கான கடைசித் தேதி போட்டி முடியும் தேதிக்கு முன்பே வந்துவிடும். எங்களுக்கு நாள் மிச்சம் இருந்ததால் பிழைத்தோம். சேரப் போகிறவர்கள் முதல் விடையை அனுப்புவதற்கு முன்பே சேர்ந்துவிடுங்கள்.

இனி கணக்கு. அமெரிக்காவில் பல இடங்களுக்கு, அடுத்த 14 நாள்களின் சராசரி வெப்பநிலையைச் சொல்ல வேண்டும். நாளைய வானிலையைச் சொல்ல இன்றைய வளிமண்டலம் கைகொடுக்கும். பருவத்தைச் சொல்லக் கடலின் வெப்பம் கைகொடுக்கும். இடைப்பட்ட வாரங்களுக்கு இரண்டுமே அரைகுறை. அணையில் தண்ணீரை வைத்திருப்பதா திறப்பதா, விதைப்பதா பொறுப்பதா என்ற முடிவுகளெல்லாம் அந்த வாரங்களில்தான் விழுகின்றன. இந்தப் போட்டியை நான் விடாமல் பிடித்துக்கொண்டதற்கு அதுவே காரணம்.

மாடல், அதாவது கணிப்பைச் செய்யும் நிரல், விடையோடு பார்த்துக் கற்றுக்கொள்ளும் பயிற்சிக் கோப்பில் 3,75,734 வரிசைகள், ஓர் இடத்துக்கு ஒரு நாளுக்கு ஒன்று. 2014 செப்டம்பர் 1 முதல் 2016 ஆகஸ்ட் 31 வரை 731 நாள். வகுத்துப் பார்த்தால் மீதியில்லாமல் 514 இடங்கள். நாம் விடை சொல்ல வேண்டிய சோதனைக் கோப்பில் 31,354 வரிசைகள். 2022 நவம்பர், டிசம்பரின் 61 நாளால் வகுத்தால் அதே 514. ஆனால் பயிற்சிக் கோப்பில் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் சேர்த்து வைத்து இடங்களை எண்ணியபோது 514-ஐத் தாண்டிப் போனது. நாங்களோ ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் கொடுத்து மாடலுக்குள் அனுப்பியிருந்தோம். சோதனைக் கோப்பில் இருந்த பல இடங்களை மாடல் புது இடமாக நினைத்துக்கொண்டது. இரண்டு இரவு மாடலைத்தான் சந்தேகப்பட்டோம். மூன்றாம் இரவு அவள் இரண்டு வரிசைகளைத் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, பெரிதாக்கி, விரலால் தடவிக்கொண்டே இலக்கம் இலக்கமாக வாசித்தாள். தசமப் புள்ளிக்குப் பின் பதினான்கு இலக்கம் வரை ஒரே எண். அதற்கு அப்பால் மட்டும் வேறு. ஒரே இடம்தான், கணினிக்கு மட்டும் இரண்டு. எல்லா எண்களையும் பதினான்கு இலக்கத்தோடு நிறுத்தி முழுமையாக்கினோம். 514 வந்தது. நள்ளிரவில் இருவரும் போனில் கத்தியதில் என் வீட்டில் விளக்குப் போட்டுவிட்டார்கள்.

இதைவிடப் பெரிய அடி, அனுப்பும் முன் மாடலை நாங்களே சோதிக்கும் சரிபார்ப்பில் விழுந்தது. வரிசைகளைக் கலைத்துப் போட்டு ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கிச் சோதித்தோம். பிழை மிகச் சிறியதாக வந்தது. அனுப்பினால், சோதனை விடைகளில் ஒரு பகுதியை மட்டும் வைத்து மதிப்பிடும் போட்டியின் மதிப்பெண் பலகையில் பிழை அதைப் போல இரு மடங்குக்கும் மேல். காரணம் கேள்விக்குள்ளேயே இருந்தது. நவம்பர் 10-க்கான விடையும் 11-க்கான விடையும் 14 நாள் சராசரிகள். அவற்றில் 13 நாள் பொதுவானவை. ஒன்றைப் பயிற்சியில் வைத்து மற்றொன்றைச் சோதனையில் வைத்தால், விடைத்தாளைக் கையில் கொடுத்துவிட்டுத் தேர்வு வைப்பதுதான். 2015 நவம்பர், டிசம்பரை முழுதாக மறைத்தோம். அதற்கு முன்னும் பின்னும் 13 நாள்களையும் பயிற்சியிலிருந்து எடுத்துவிட்டோம். பிழை கூடியது. ஆனால் அது பலகையோடு ஒத்துப்போகும் பிழை. அதன் பிறகுதான் எது உதவுகிறது, எது ஏமாற்றுகிறது என்றே தெரிய ஆரம்பித்தது.

ஏமாற்றியவற்றில் முதலாவது எல் நினோ குறியீடு, அதாவது பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாக இருக்கிறதா குளிர்ந்திருக்கிறதா என்று காட்டும் எண். முக்கியமான தகவல் என்று நான்தான் பிடிவாதமாக வைத்திருந்தேன். 2015-16-இல் வலுவான எல் நினோ. 2022 கடைசியிலோ அதற்கு நேர்மாறாகக் கடல் குளிர்ந்திருக்கும் லா நினா. பயிற்சிக்கு இருந்தது இரண்டே ஆண்டு என்பதால் மாடல் அந்தக் குறியீட்டிலிருந்து கடலைக் கற்கவில்லை, எந்த மாதம் என்பதை மனப்பாடம் செய்துகொண்டது. பயிற்சியில் கண்டிராத எண் வந்ததும் திணறிவிட்டது. அறிவியலில் எல் நினோ பெரிய விஷயம்தான். இரண்டு ஆண்டுத் தரவில் அதை மாடலுக்குக் கற்பிக்க முடியாது. அந்த நெடுவரிசையை நீக்கியதும் பிழை இறங்கியது.

விடுபட்ட மதிப்புகளை நிரப்பியது, மாடல்களை அடுக்கியது எல்லாம் வழக்கமான வேலை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

கடைசி நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கெடு சர்வதேச நேரப்படி இரவு 11.59. நமக்கு அது மறுநாள் காலை 5.29. அன்று அலாரம் வைத்து நான்கு மணிக்கு எழுந்தோம். இறுதி மதிப்பீட்டுக்கு எந்த விடைகளை வைப்பது என்பதில் எங்களுக்குள் சண்டையே வந்தது. பலகையில் உயர்ந்து நின்ற விடையைக் கைவிட அவளுக்கு மனமில்லை. எங்கள் சரிபார்ப்பில் நன்றாக நின்றதைக் கைவிட எனக்கு மனமில்லை. "சரி அக்கா, ஒன்று உங்களுடையது, ஒன்று என்னுடையது" என்று 5.10-க்கு இரண்டையும் தேர்ந்தெடுத்துவிட்டு டீ போடப் போனாள்.

போட்டி முடிந்து, அதுவரை மறைத்து வைத்திருந்த மீதிப் பகுதியின் மதிப்பெண் வெளியானபோது பலகையில் உயர்ந்து நின்ற விடை சரிந்திருந்தது. சரிபார்ப்பில் நின்றது எங்களை மேலே தூக்கியிருந்தது. பரிசுக்கு அருகில்கூடப் போகவில்லை. அடுத்த போட்டி அறிவித்த அன்று காலை, நான் கேட்பதற்கு முன்பே அவளிடமிருந்து அணியில் சேரும் அழைப்பு வந்திருந்தது.