பள்ளி நாடகச் சாமான்களை எங்கே வைத்தோம்

செய்யாறு பக்கம் ஒரு கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருக்கிறேன். தெருக்கூத்துக்குப் பேர்போன புரிசை கிராமம் எங்களுக்குத் தூரமில்லை. பங்குனி தொடங்கி ஆடி வரைக்கும் சுற்றுவட்டாரத்தில் ஏதாவது ஒரு திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து நடந்துகொண்டே இருக்கும். அதனால் எங்கள் பிள்ளைகள் எந்த நாடகம் போட்டாலும் அதில் கூத்து தானாக வந்து சேர்ந்துவிடும். 2022-23 கல்வியாண்டில் அரசு கலைத் திருவிழாவைத் தொடங்கி, பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று போட்டிகள் வைத்த பிறகு, ஆண்டு விழாவுக்கு மட்டும் போட்டுக்கொண்டிருந்த நாடகம் வருடம் முழுக்க நடக்கிற வேலையாகிவிட்டது. வேலை கூடக் கூடச் சாமான்களும் கூடின.

கிரீடங்கள், தோளில் கட்டும் புஜக்கட்டைகள், மார்புப் பதக்கங்கள், டோப்பா, தாடி மீசை, காகிதக் கூழில் செய்த கதாயுதம், வில், ஜரிகைப் பாவாடைகள், சலங்கைகள், அரண்மனையும் காடும் வரைந்த இரண்டு படுதாக்கள், தெர்மாகோல் தூண்கள். எல்லாம் பள்ளியின் பின்புறம் இருந்த ஓட்டுக் கட்டடத்தில் கிடந்தன. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன்பின் மாநிலம் முழுவதும் பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்க ஆரம்பித்தார்கள். எங்கள் ஓட்டுக் கட்டடத்தின் முறையும் வந்தது. பொறியாளர் வந்து உத்திரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே இருப்பதை எல்லாம் எடுத்துவிடச் சொன்னார். இடிக்க வேண்டிய கட்டடம்தான், அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் சாமான்கள் எங்கே போகும்?

யாராக இருந்தாலும் முதலில் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் இடத்தைத்தான் பார்ப்பார்கள். நானும் அதைத்தான் கேட்டேன். தலைமை ஆசிரியர் ஒரே வார்த்தையில் மறுத்தார். "டீச்சர், அங்கே ஒரு துடைப்பத்தைக்கூட வைக்க விடமாட்டேன். துணி, காகிதம், தெர்மாகோல், ஒட்டுப் பசை. ஒரு பொறி விழுந்தா மேல் மாடிப் பிள்ளைங்க எப்படி இறங்கும்?" 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் 94 குழந்தைகள் தீயில் இறந்தது இங்கே ஆசிரியராக இருக்கும் எவருக்கும் மறக்காது. சமையலறைக் கூரையில் பிடித்த தீ அது. அவர் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டேன். சத்துணவுக் கூடத்தை ஒட்டிய அறையும் அதே காரணத்தால் அப்போதே பட்டியலிலிருந்து போனது. இதைப் படிக்கிற ஆசிரியர்கள் யாராவது படிக்கட்டுக்கு அடியில் நாடகச் சாமான் வைத்திருந்தால், தயவுசெய்து முதலில் அதை எடுத்துவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

வகுப்பறை மூலையில் வைக்கலாமே என்று சிலர் சொன்னார்கள். அரசுப் பள்ளி வகுப்பறை எப்போதும் நம் கையில் இருப்பதில்லை. பொதுத் தேர்வு வந்தால் அறையைக் காலி செய்து, சுவரில் ஒட்டியதைக்கூடக் கிழிக்க வேண்டும். தேர்தல் வந்தால் அதே அறை வாக்குச்சாவடி. 2024 ஏப்ரல் 19 வாக்குப்பதிவுக்கு முன்பு ஒரு வகுப்பிலிருந்த கற்றல் உபகரணங்களை எல்லாம் வராந்தாவுக்கு மாற்றியதில் பாதி உடைந்துபோனது. கூத்து ஆபரணங்களை அந்தக் கதிக்கு விட எனக்கு மனம் வரவில்லை.

ஊராட்சித் தலைவர் நல்ல மனிதர். சமுதாயக் கூடத்தின் பின்னறையைத் தருவதாக உடனே சொன்னார். போய்ப் பார்த்தால் மேல்தளத்து ஓரத்தில் பச்சைப் பாசி கோடு கோடாக இறங்கியிருந்தது. ஐப்பசி மழைக்கு அந்தக் கூரை தாங்காது. போதாததற்கு முகூர்த்த நாட்களில் பந்தல்காரரும் சமையல்காரரும் அதே அறையில்தான் பாத்திரம் இறக்குவார்கள். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

கோயில் நிர்வாகிகள் இன்னொரு அறை காட்டினார்கள். பாரதக் கூத்துக்கான பொருட்களும் வாகனங்களும் இருக்கும் இடம். காய்ந்த அறை, காற்றோட்டம் உண்டு, பூட்டு உண்டு. சாமான்களுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் ஊரில் கிடையாது என்றுதான் பலரும் சொன்னார்கள். நான் வேண்டாம் என்றேன். நாடகத்தில் இருக்கிற எல்லாப் பிள்ளைகளும், எந்தத் தெருவிலிருந்து வந்தாலும், தயங்காமல் போய்க் கதவைத் திறந்து தன் கிரீடத்தை எடுக்க முடிய வேண்டும். அந்த அறையில் எல்லாரும் அப்படிப் போவார்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. சாமான்களைப் பள்ளிக்குள்தான் வைக்க வேண்டும் என்ற முடிவுக்கு அன்றைக்குத்தான் உறுதியாக வந்தேன்.

பள்ளிக்குள் என்றால் மிச்சமிருந்தது விளையாட்டுச் சாமான் அறை. எட்டுக்குப் பத்தடி. அதில் ஏற்கெனவே பந்துகள், வலை, உயரம் தாண்டும் கம்பம், பாய்கள். உடற்கல்வி ஆசிரியர், "எனக்கே இடம் பத்தலை டீச்சர்" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். ஆனால் அறைக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால், ஆறடிக்கு மேல் சுவர் முழுக்கச் சும்மா இருந்தது. தரையில் ஓர் அடிகூட வேண்டாம், மேல்சுவர் மட்டும் போதும் என்று கேட்டேன். கூடவே, அவருடைய வலைகளைச் சுருட்டித் தொங்கவிட ஒரு கம்பியும் சேர்த்தே அடித்துத் தருவதாகச் சொன்னேன். அவரும் ஒத்துக்கொண்டார்.

அந்த இடத்துக்குள் அடங்க வேண்டும் என்றால் சாமான் குறைய வேண்டும். இதற்குப் பக்கத்து ஊர்க் கூத்து வாத்தியாரைத் துணைக்கு அழைத்தேன். வயதானவர், பிள்ளைகளுக்கு அடவு சொல்லித் தருகிறவர். மரத்தடியில் பாய் விரித்து எல்லாவற்றையும் பரப்பினோம். அவர் ஒரு புஜக்கட்டையை எடுத்து, பின்பக்கத்தை விரல் நகத்தால் லேசாகச் சுரண்டினார். மாவு மாதிரி தூள் கொட்டியது. "பூச்சி உள்ளே இருக்கும்மா. இதை மத்ததோட வெச்சீங்கன்னா எல்லாத்தையும் தின்னுடும்" என்று தனியே வைத்தார். கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கி, மேலே வண்ணக் காகிதமும் கண்ணாடிச் சில்லும் ஒட்டிச் செய்கிற ஆபரணம் அது. கட்டை எடை இல்லாமல் இருப்பதால்தான் விடிய விடிய ஆட முடிகிறது. அதே மென்மைதான் பூச்சிக்கும் வசதி. ஈரம் பட்டால் பசை விட்டுக் கண்ணாடி உதிரும். ஒவ்வொன்றையும் அவர் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். கண்ணாடி தளர்ந்திருந்தால் சத்தம் வருமாம். பிள்ளைகளும் அதே மாதிரி ஆட்டிப் பார்த்துப் பிரித்தார்கள். பழைய கட்டைகளில் மிக நல்லவற்றைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டு, நாடகத்தின்போது தருவதாகச் சொன்னார். அவர் வீட்டில் அவை உயிரோடு இருக்கும், எங்களைவிட நன்றாகப் பார்த்துக்கொள்வார் என்பதால் சம்மதித்தேன்.

தெர்மாகோல் தூண்கள் ஒன்றையும் வைத்துக்கொள்ளவில்லை. இடம் அடைக்கும், உதிரும், தீப்பிடித்தால் புகை மோசம். இனிமேல் தூண் வேண்டுமென்றால் மூங்கிலும் துணியும்தான். படுதாக்களை மடித்தால் மடிப்பில் வண்ணம் வெடிக்கும் என்பதால் பி.வி.சி. குழாயில் சுருட்டி, பழைய சேலையால் சுற்றிக் கட்டினோம்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகவே வைத்தேன். வாய்ப்பேச்சோடு நின்றால், தலைமை ஆசிரியர் மாறுதலில் போனதும் அறையும் போய்விடும். வெல்டிங் கடை வைத்திருக்கும் முன்னாள் மாணவர் ஒருவர் ஆங்கிள் கம்பியில் சுவர்த் தாங்கிகள் அடித்துத் தந்தார், கூலி வாங்கவில்லை. சாமான்களை எல்லாம் எண் போட்டு இருப்புப் பதிவேட்டில் ஏற்றினோம். பதிவேட்டில் ஏறாத பொருள் பள்ளியில் யாருக்கும் சொந்தமில்லை, தூக்கிப் போட ஒரு நிமிடம் போதும்.

துணிகள் தகரப் பெட்டிகளில். பெட்டிக்குள் பழைய பருத்தி வேட்டியை விரித்து அதன்மேல்தான் துணி, இல்லையென்றால் துருக்கறை ஏறும். வியர்வையோடு மடித்தால் ஜரிகை கறுத்துவிடுகிறது. அதனால் நாடகம் முடிந்த மறுநாள் அலசி நிழலில் காயவைப்பது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் பொறுப்பு. அந்துருண்டை போடுவதில்லை. ஜரிகையையும் கெடுக்கும், சின்னப் பிள்ளைகள் வாயில் போட்டால் ஆபத்து. வசம்பும் காய்ந்த வேப்பிலையும் துணிப் பையில் முடிந்து போடுகிறோம். கட்டை ஆபரணங்களை பிளாஸ்டிக் உறையில் போடக் கூடாது, உள்ளேயே வேர்த்துவிடும். ஒவ்வொன்றும் தனித்தனி வேட்டித் துண்டில், ஒன்றின்மேல் ஒன்று அடுக்காமல். தாங்கி சுவரை ஒட்டினாலும் பெட்டி ஒட்டாமல் நான்கு விரல் இடைவெளி விட்டோம். கரையான் ஏறினால் மண் கோடு கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

ஆறடிக்கு மேலே இருப்பதால் பிள்ளைகள் தாமாக ஏறக் கூடாது. இறக்கும்போது ஏணியைப் பிடிக்க ஒரு பெரியவர் கட்டாயம். மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும் எல்லாவற்றையும் இறக்கிக் காற்றாட விரிப்போம். போன முறை விரித்தபோது ஒரு தாடி மட்டும் எலி கடித்திருந்தது. சன்னலுக்கு மேலிருந்த ஓட்டையை வலைக்கம்பி வைத்து அடைத்தோம்.

சாவி இரண்டு. ஒன்று உடற்கல்வி ஆசிரியரிடம், ஒன்று தலைமை ஆசிரியர் மேசையில். பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளியும் இப்போது எங்களிடம் வாங்கிப் போகிறது. எடுத்த தேதி, திரும்பிய தேதி, கையெழுத்து என்று தனி நோட்டு போட்டிருக்கிறோம். இந்த வருடக் கலைத் திருவிழாவுக்கு இரண்டு பெட்டிகள் அங்கே போயிருக்கின்றன.