சுவருக்குள் இருந்த நுனி

செட்டிநாட்டில், கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீடு. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். பங்காளிகள் 11 பேர். குடியிருப்பது ஒரு ஆச்சி மட்டும். நான் டிப்ளமோ முடித்து சைட் சூப்பர்வைசராகச் சேர்ந்த புதிது. மழைக்கு முகப்பு ஒழுகுகிறது என்று கூப்பிட்டார்கள்.

வளவின் முற்றத்தைச் சுற்றி நாட்டு ஓடு. அதுவும் ஒழுகத்தான் செய்யும்: மயில் ஏறி ஓட்டைத் தள்ளிவிடும், ஓட்டுச் சரிவுகள் சேரும் கூடுவாயில் சருகு அடைக்கும். ஆனால் ஒழுகினால் உடனே தெரியும், வெயில் வந்தால் காய்ந்துவிடும். முகப்புக்கு மேலே இருந்தது மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளைப் பரப்பி, அதன்மேல் செங்கல்லை நிறுத்திச் சாய்வாட்டத்தில் அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து நாள்கணக்கில் அடித்து இறுக்கிய தளம். எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு என்கிற தட்டையான ஓடு.

"தட்டோட்டைப் பேத்துட்டு சுண்ணாம்புலயே போட்டுருவோம் தம்பி" என்றார் கொத்தனார். அதற்கு நாள் பிடிக்கும், கூலியும் கூட. பங்காளிகள் தயங்கினார்கள். எனக்கும் சுண்ணாம்பைவிடச் சிமென்டில்தான் நம்பிக்கை. 2 அங்குலத்துக்குக் கான்கிரீட் போட்டு, மேலே வாட்டர்ப்ரூஃப் பூச்சும் அடிக்கச் சொன்னேன். ஒழுகல் நின்றது. ஆச்சி கந்தரப்பம் சுட்டுக் கொடுத்தார்.

மூன்றாம் வருடம் முகப்புச் சுவரின் தலைமாட்டில் உப்பு பூத்தது. சுரண்டிவிட்டு வெள்ளையடிக்கச் சொன்னேன். நான் செய்த இரண்டாவது தப்பு அது.

அடுத்த பங்குனியில் ஆச்சி கூப்பிட்டார். "சொட்டலை தம்பி. ஆனா மாவு மாதிரி என்னமோ கொட்டுது." ஏணி போட்டு ஏறினேன். கட்டையின் நடுவில் தட்டினால் கணீரென்றது. சுவரோரம் போகப் போகச் சத்தம் மழுங்கியது. சுவருக்குள் நுழையும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன், பிடிவரைக்கும் இறங்கியது. இழுத்தபோது ஈரப் புண்ணாக்கு போல ஒரு துண்டு ஒட்டிக்கொண்டு வந்தது. பர்மா தேக்கைக் கரையான் தொடாது என்று படித்த நினைப்பு. உள்ளே கரையான் மண் கட்டியிருந்தது.

மேலே போய்ப் பார்த்ததும் புரிந்தது. சிமென்ட் காயும்போது சுருங்கும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் இடத்தில் மயிரிழை விரிசல் ஓடியிருந்தது. ஐப்பசி, கார்த்திகை மழை அது வழியாக இறங்கிச் சுண்ணாம்பில் ஊறியிருக்கிறது. முன்பென்றால் தை, மாசி வெயிலில் வந்த வழியே ஆவியாகிப் போயிருக்கும். இப்போது நான் போட்ட மூடி தடுத்தது. மேலே வழியில்லாத ஈரம் பக்கவாட்டில் நகர்ந்து, காற்றே படாத கட்டை நுனிகளில் தங்கிவிட்டது. மரத்தில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். சொட்டியிருந்தாலாவது பாத்திரம் வைத்திருப்பார்கள்.

சிமென்டை உடைத்தோம். அது தனியாக வரவில்லை, பழைய சுண்ணாம்பையும் பிய்த்துக்கொண்டு வந்தது. கொத்தனார் ஒரு கட்டியை என் கையில் வைத்தார். வெளியே பங்குனி வெயில் கொளுத்துகிறது, கட்டி சில்லென்று ஈரமாக இருக்கிறது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

செலவைப் 11 பங்காகப் பிரித்து வாங்குவதற்குள் இரண்டு மழைக்காலம் போயிற்று, அதுவரை தார்ப்பாய்தான். பிறகு முட்டுக் கொடுத்து, கெட்ட நுனிகளை அறுத்து, இடித்த வீட்டுத் தேக்கை ஆசாரி ஒட்டுப்போட்டார். தளம் இந்த முறை சுண்ணாம்பிலேயே. புது நுனிகளைச் சுவரில் ஏற்றும்போது சுற்றிலும் விரல் கனத்துக்கு இடம் விட்டிருந்தார் கொத்தனார். மறந்துபோய் விட்டதென்று நினைத்து நான் கரண்டியில் கலவையை அள்ளினேன்.

கையைப் பிடித்துக்கொண்டார். "அதை அடைச்சுறாதிய தம்பி. காத்துப் போகட்டும்னுதான் விட்டேன்."