கண்ணாடிக்குப் பின்னால் ஓர் இருட்டறை

ரொறன்ரோவில் செயலி வடிவமைப்புப் படித்த நாட்களில் எங்கள் வகுப்பை ஒரு மென்பொருள் கம்பனியின் அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார்கள். வாசலில் பெயர்ச்சிட்டை, இரகசியம் காப்பதாக ஒரு கையொப்பம், வெண்பலகையைப் படமெடுக்கக் கூடாதென்ற எச்சரிக்கை. பிறகு பிங்பொங் மேசை, இலவசக் கோப்பி. இப்படிப் போய்வந்தவர்கள் பெரும்பாலும் இவற்றைத்தான் சொல்வார்கள். பார்க்க வேண்டியவை பின்பக்கத்துச் சிறிய அறைகள் இரண்டு. வெளியாள் ஒருவரைக் கூப்பிட்டு, செயலியைப் பாவிக்கவிட்டு, எங்கே தடுமாறுகிறார் என்று பார்க்குமிடம் அது.

ஒன்றில் மேசை, அதில் ஒரு போன், விரல் போகுமிடத்தைப் படம்பிடிக்க மேலே ஒரு கமரா. மற்றதில் பார்வையாளர். நடுவில் ஒருவழிக் கண்ணாடி. அது வெளிச்சத்தில் ஒரு பங்கைத் திருப்பி மிகுதியை விடும், அவ்வளவுதான். சோதனை அறை பளிச்சென்றும் நம் பக்கம் இருட்டாகவும் இருக்குமட்டுந்தான் நாம் மறைந்திருப்போம். யாராவது போனைத் திறந்தால் அந்த ஒளியில் முகம் மறுபக்கம் தெரியும். ஆகவே குறிப்பெல்லாம் கொப்பியில்.

சோதிப்பது ஆளை அல்ல, செயலியை. இதை வந்தவருக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் பரீட்சை எழுத வந்தவர்போல் வியர்ப்பார். மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்வார்கள். வேலை கொடுக்கும் விதத்தில்தான் பிழை அதிகம். “அனுப்பு பொத்தானை அழுத்துங்கள்” என்றால் விடையையே கொடுத்தாயிற்று. “அம்மாவுக்கு 100 டொலர் அனுப்ப வேண்டும், என்ன செய்வீர்கள்?” என்று கேட்டுவிட்டு வாயை மூட வேண்டும். “இதை அழுத்தவா?” என்று அவர் திரும்பிக் கேட்டால், “நான் இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள்?” என்பதே பதில். ஒரு சுற்றுக்கு 5 பேர். ஐந்து பேரே பெரும்பாலான குறைகளைக் காட்டிவிடுவார்கள் என்று பாவனைச் சோதனை நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000ஆம் ஆண்டில் எழுதியதைப் பலர் பாதிதான் நினைவில் வைத்திருக்கிறார்கள். திருத்தியபின் இன்னும் ஐந்து பேரிடம் கொடுக்கவும் அவர் சொல்கிறார்.

அளவுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பொத்தான்போல விரல் தொடுமிடம் ஐபோனில் 44 புள்ளிக்கும் அன்ட்ரொயிட்டில் 48 அலகுக்கும் குறையக்கூடாது (இரண்டும் அந்தந்தத் திரையை அளக்கும் கணக்கு). பின்னது ஏறத்தாழ 9 மில்லிமீற்றர் என்கிறது கூகிள். சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளிமாறுபாடு குறைந்தது 4.5க்கு 1. வெள்ளையில் வெளிறிய சாம்பல் எழுத்து வைப்பது வடிவமைப்பாளருக்கு அழகு, வெயிலில் பஸ்ஸுக்கு நிற்பவருக்கு வெறுந்தாள்.

தமிழ் வந்து சேர்வது செயலியின் சொற்களை மொழிமாற்றும் மேசையில். “அறிவிப்புகள்” என்ற சொல்லைக் கண் 7 எழுத்தாகப் பார்க்கிறது. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூனிகோடில் அது 12 குறியீடு: றி, வி, பு ஒவ்வொன்றும் இரண்டு, ப், ள் ஒவ்வொன்றும் இரண்டு, அ, க தனித்தனி. 11 குறியீட்டோடு வெட்டு என்று நிரல் எழுதியிருந்தால் கடைசிக் குற்று விழுந்து “அறிவிப்புகள” என்று நிற்கும். கல்லூரி மலரின் அச்சுப்படியில் குற்று விழுந்த எழுத்தையெல்லாம் சிவப்புப் பேனையால் வட்டமிட்ட எங்கள் தமிழாசிரியரை அந்த மேசையில் இருத்தியிருக்கலாம். ஆங்கிலத்துக்கு அளந்த பெட்டிக்குள் து, நூ போன்றவற்றின் கீழ்ப்பகுதி வெட்டுப்படுவதும் உண்டு. எழுத்தைச் சிறிதாக்குவது மருந்தல்ல. பெட்டியின் உயரத்தைப் பூட்டாமல் விட வேண்டும்.

இன்னும் பெரிய தொல்லை வேற்றுமை உருபு. பெயர் வருமிடத்தை வெற்றாக விட்டு, பின்னால் “க்கு” ஒட்டினால் “கண்ணன்க்கு”, “மாலாக்கு” என்றுதான் வரும். கண்ணனுக்கு, மாலாவுக்கு என்று பெயருக்கேற்ப மாற்ற நிரலுக்குத் தெரியாது. அனுபவப்பட்ட மொழிபெயர்ப்பாளர் வசனத்தையே கலைத்து, “பெறுபவர்: கண்ணன்” என்று போட்டுவிடுவார். அனுப்பினானா, அனுப்பினாளா என்ற சிக்கலுக்கும் “அனுப்பியவர்: மாலா” போதும்.

இந்தக் கல்லூரி மலரைப் படிக்கும் பிள்ளைகள் யாராவது இப்படியொரு அலுவலகம் பார்க்கப் போவதானால், ஒரு கிழமைக்கு முன்பே போனின் மொழியைத் தமிழுக்கு மாற்றிப் பாவியுங்கள். வெட்டுப்பட்ட சொல், ஒட்டாத உருபு எல்லாவற்றையும் திரையோடு படமெடுத்து வையுங்கள். கேள்வி நேரத்தில் அவற்றைக் காட்டினால் மொழிமாற்றக்காரர் கதிரையை இழுத்துப்போட்டு உட்காருவார்.