ஒரு கோட்டிடம் எத்தனை கேட்கலாம்?

ஒவ்வோர் ஆண்டும் நிரூபணம் எழுதக் கற்பிக்கத் தொடங்கும்போது நான் முதலில் எடுத்துக்கொள்வது இருசமபக்க முக்கோணத் தேற்றத்தைத்தான். ஒரு முக்கோணத்தில் இரண்டு பக்கங்கள் சமமானால் அவற்றுக்கு எதிரே உள்ள கோணங்களும் சமம் என்பது மாணவர்களுக்கு முன்பே தெரிந்த செய்தி. கேட்டால், "படத்தைப் பார்த்தாலே தெரிகிறதே" என்பார்கள். தெரிந்ததை ஏன் நிரூபிக்க வேண்டும் என்ற கேள்வியும் தவறாமல் வரும். அந்தக் கேள்வி வர வேண்டும் என்றுதான் இங்கே தொடங்குகிறேன். முடிவு முன்பே தெரிந்திருப்பதால், இது உண்மையா என்ற ஆராய்ச்சிக்கு வேலை இல்லாமல் போய், இது எதனால் உண்மை என்ற ஒரே கேள்வி மேசைமேல் நிற்கிறது.

உச்சி க, அடிப்பக்கம் சத, கச = கத என்று வைத்துக்கொள்வோம். மாணவர்களின் தாள்களில் ‘அமைப்பு’ என்ற தலைப்பின் கீழ் மீண்டும் மீண்டும் நான் காணும் வரி இது: "கோணம் க இரு சமபாகமாகப் பிரியுமாறும், அடிப்பக்கத்துக்குச் செங்குத்தாகவும், அதன் நடுப்புள்ளி ம வழியாகச் செல்லுமாறும் கம என்ற கோட்டை வரைக." அதன் பின் வரும் நான்கைந்து வரிகளும் ஒழுங்காகவே இருக்கும், ஒவ்வொன்றுக்கும் காரணமும் எழுதப்பட்டிருக்கும், முடிவும் சரியாக வந்திருக்கும். ஆனாலும் அது நிரூபணம் ஆகாது. உச்சியிலிருந்து அடிப்பக்கத்துக்கு ஒரு கோடு வரையும்போது அதனிடம் நாம் ஒரு நிபந்தனையைத்தான் கேட்கலாம். கோணத்தை இருசமமாக வெட்டு என்று சொன்ன உடனேயே அந்தக் கோடு எங்கே போக வேண்டும் என்பது முடிவாகிவிடுகிறது. அது அடிப்பக்கத்தின் நடுவில்தான் போய் விழுமா, செங்குத்தாக இருக்குமா என்பதெல்லாம் இனி நாம் கேட்டுப் பெறுபவை அல்ல, நிரூபித்துப் பெற வேண்டியவை.

இதை வாயால் விளக்கிப் பயனில்லை என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே உணர்ந்தேன். இப்போது 8 செ.மீ., 5 செ.மீ., 7 செ.மீ. பக்கங்கள் கொண்ட முக்கோணம் ஒன்றை வரையச் சொல்கிறேன். 7 செ.மீ. பக்கத்தை அடிப்பக்கமாக வைத்து, எதிர் உச்சியிலிருந்து நடுக்கோடு, கோண இருசமவெட்டி, குத்துக்கோடு ஆகிய மூன்றையும் தனித்தனியே வரைய வேண்டும். 8 செ.மீ. பக்கம் அடிப்பக்கத்தைத் தொடும் முனையிலிருந்து அளந்தால், நடுக்கோடு 3.5 செ.மீ. தொலைவிலும், இருசமவெட்டி ஏறத்தாழ 4.3 செ.மீ. தொலைவிலும், குத்துக்கோடு ஏறத்தாழ 6.3 செ.மீ. தொலைவிலும் அடிப்பக்கத்தைச் சந்திக்கின்றன. மூன்று கோடுகள், மூன்று இடங்கள். அந்த மூன்றும் ஒரே கோடாக வந்து சேர்வதுதான் இருசமபக்க முக்கோணத்தின் சிறப்பு என்றால், அதை அமைப்பிலேயே எழுதிவிட்டவர் நிரூபிக்க வேண்டியதைத் தொடக்கத்திலேயே எடுத்துச் செலவழித்துவிட்டார். தம் கையால் அளந்து பார்த்த மாணவர்களிடம் அந்த வரி பெரும்பாலும் திரும்ப வருவதில்லை.

பிறகு அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன். கோண இருசமவெட்டியைத் தேர்ந்தால் ப–கோ–ப விதி கிடைக்கும்: இரு பக்கங்களும் இடைக்கோணமும் சமமானால் இரண்டு முக்கோணங்களும் சர்வசமம், அதாவது எல்லா அளவுகளிலும் சமம். நடுக்கோட்டைத் தேர்ந்தால் ப–ப–ப (மூன்று பக்கங்களும் சமம்). குத்துக்கோட்டைத் தேர்ந்தால் செ–க–ப (செங்கோணம், கர்ணம், ஒரு பக்கம் சமம்). ஒரே தேற்றத்துக்கு மூன்று வழிகள் என்று மாணவர்கள் மகிழும் நேரத்தில்தான், எந்த விதி எதிலிருந்து வந்தது என்று பின்னோக்கிக் கேட்க வேண்டியிருக்கிறது. செ–க–ப விதியை நிரூபிக்கும் வழக்கமான முறையில், இரண்டு செங்கோண முக்கோணங்களை ஒட்டி வைத்து ஓர் இருசமபக்க முக்கோணத்தை உருவாக்கி, அதன் அடிக்கோணங்கள் சமம் என்று பயன்படுத்துகிறோம். அப்படியானால் அந்த விதியைக் கொண்டு அடிக்கோணங்கள் சமம் என்று நிரூபிப்பது சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே நிற்பதாகும். பண்டைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் தம் ‘எலிமெண்ட்ஸ்’ நூலில் வைத்த வரிசையில் ப–ப–ப விதியின் நிலையும் இதுவே: அது முதல் புத்தகத்தின் 8ஆம் கூற்று, அது 7ஆம் கூற்றைச் சார்ந்தது, 7ஆம் கூற்று, நாம் நிரூபிக்க முயலும் 5ஆம் கூற்றைச் சார்ந்தது. கோண இருசமவெட்டி வரையும் முறைகூட அவரிடம் 9ஆம் கூற்றாக, 8ஆம் கூற்றின் துணையோடுதான் வருகிறது. அதனால்தான் அவர் இந்த எளிய தேற்றத்துக்காகச் சமபக்கங்கள் இரண்டையும் கீழே நீட்டி, அங்கே புள்ளிகளைக் குறித்து, இரண்டு சோடி முக்கோணங்களின் சர்வசமத்தைக் காட்டிச் சுற்றுவழியில் போகிறார்.

கி.பி. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கணித அறிஞர் பாப்பஸ் காட்டிய வழியை இதற்குப் பிறகே கரும்பலகையில் எழுதுகிறேன். அவர் எந்தக் கோட்டையும் வரையவில்லை. முக்கோணம் கசத, முக்கோணம் கதச என்று ஒரே முக்கோணத்தை இருமுறை, எழுத்துகளை மாற்றிப் படிக்கிறார். கச = கத; கத = கச; இடையிலுள்ள கோணம் க பொது. எனவே ப–கோ–ப விதிப்படி இரண்டும் சர்வசமம்; ஆகவே கோணம் ச, கோணம் த இரண்டும் சமம். சர்வசமத்தை எழுதும்போது உச்சிகளின் வரிசை ஏன் முக்கியம் என்று எத்தனையோ முறை சொல்லியும் பதியாத மாணவர்களுக்கு, வரிசையைத் தவிர வேறு எதுவுமே இல்லாத இந்த நிரூபணம் அதைப் பதியவைக்கிறது. "ஒரே முக்கோணத்தை அதனோடேயே ஒப்பிடலாமா?" என்று சிலர் தயங்குவார்கள். விதியில் இரண்டு முக்கோணங்களும் வெவ்வேறாக இருக்க வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது என்று தேடச் சொல்வேன். விதியை அதன் சொற்களோடு மீண்டும் படிப்பது என்ற பழக்கம் அன்றைக்குத்தான் பலருக்குத் தொடங்குகிறது.

படத்தின்மீது மாணவர்கள் வைத்திருக்கும் நம்பிக்கையை முற்றிலும் அழித்துவிட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. படம் இல்லாமல் யாருக்கும் யோசனை பிறக்காது. ஆனால் படத்திலிருந்து யோசனையை எடுக்கலாம், காரணத்தை எடுக்கக் கூடாது. இந்த வேறுபாட்டை உணர்த்த, எல்லா முக்கோணங்களும் இருசமபக்க முக்கோணங்களே என்று ‘நிரூபிக்கும்’ பழைய புதிரைப் போல வேறொன்று எனக்குக் கிடைக்கவில்லை. கச என்ற பக்கம் கத என்ற பக்கத்தைவிடப் பெரியது என்போம். கோணம் க-வின் இருசமவெட்டியும், சத என்ற பக்கத்தின் மையக்குத்துக்கோடும் (நடுப்புள்ளி வழியாகச் செல்லும் செங்குத்துக்கோடு) முக்கோணத்தின் உள்ளே ப என்ற புள்ளியில் சந்திப்பதாகப் படம் வரைகிறேன். ப-விலிருந்து கச, கத ஆகிய பக்கங்களுக்கு முறையே பட, பந என்ற குத்துக்கோடுகள். கோணமும் செங்கோணமும் பொதுப்பக்கமும் சமமாவதால் கட = கந, பட = பந. மையக்குத்துக்கோட்டின் மேல் இருப்பதால் பச = பத. செ–க–ப விதிப்படி டச = நத. கூட்டினால் கச = கத.

ஒவ்வொரு சர்வசமத்தையும் மாணவர்கள் சரிபார்ப்பார்கள். தவறு ஒன்றும் அகப்படாது. எழுதிய வரிகளில் தவறு இல்லை என்பதே உண்மை. அளவுகோலும் கவராயமும் கொண்டு கவனமாக வரையச் சொன்னால், ப என்ற அந்தப் புள்ளி முக்கோணத்துக்கு வெளியே, அதன் மூன்று உச்சிகள் வழியாகவும் செல்லும் சுற்றுவட்டத்தின் மேல் போய் அமர்வதைக் காண்பார்கள். இரண்டு குத்துக்கோடுகளின் அடிகளில் ஒன்று பெரிய பக்கத்தின் உள்ளேயும், மற்றொன்று சிறிய பக்கத்தின் நீட்சியிலும் விழுகிறது. ஆகவே ஓரிடத்தில் கூட்ட வேண்டும், மற்றோரிடத்தில் கழிக்க வேண்டும். ந என்ற புள்ளி க-வுக்கும் த-வுக்கும் இடையில் இருக்கிறது என்ற, யாருமே எழுதாத ஒரு வரியில்தான் எல்லாம் கெட்டது. ‘இடையில்’ என்ற சொல்லை யூக்ளிடும் படத்தின் பொறுப்பிலேயே விட்டிருந்தார். ஜெர்மன் கணித அறிஞர்களான பாஷ் 1882இலும், ஹில்பர்ட் 1899இலும் அதற்கென்று தனி அடிப்படைக் கூற்றுகளை வகுத்தார்கள். பள்ளி மாணவர்கள் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. படம் தங்களுக்குத் தெரியாமல் ஒரு வரியை எழுதிவிட முடியும் என்பதை ஒருமுறை நேரில் கண்டால் போதும்.

இனி எழுதும் முறை. இடப்பக்கம் கூற்று, வலப்பக்கம் காரணம் என்று கட்டம் போட்டு எழுதும் வழக்கத்தை நான் தொடக்கத்தில் அனுமதிப்பதில்லை. திருத்துவதற்கு வசதியான அமைப்பு அது, கற்பதற்கு அல்ல. ஏழாவது வரி மூன்றாவது வரியையும் ஐந்தாவது வரியையும் சார்ந்து நிற்கிறது என்பது அந்தக் கட்டத்தில் மறைந்துவிடுகிறது. அதற்குப் பதிலாக முழு வாக்கியங்களாக எழுதச் சொல்கிறேன். காரணத்தை முன்னே சொல்லி முடிவைப் பின்னே வைப்பது தமிழ் வாக்கியத்துக்கு இயல்பு. "இவை குத்தெதிர்க் கோணங்கள் ஆதலால் சமம்" என்று எழுதும் மாணவர் ‘ஆதலால்’ என்ற சொல்லுக்கு முன்னால் எதையாவது வைத்தே தீர வேண்டும். வைக்க ஒன்றும் இல்லாதபோது வாக்கியமே அவரைத் தடுத்து நிறுத்துகிறது. ‘எனவே’ என்ற சொல்லுக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. கொடுக்கப்பட்ட செய்திக்கு முன்னால்கூட ‘எனவே’ குறியைப் போடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. மேலே உள்ள எந்த வரி இதைத் தந்தது என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தால் மட்டுமே அந்தச் சொல்லை எழுதலாம்.

எழுதுவதற்கு முன்னால் தேடுவது என்ற கட்டம் ஒன்று இருக்கிறது. பாடநூல் அதைக் காட்டுவதில்லை. முடிந்த நிரூபணம் கொடுக்கப்பட்டதில் தொடங்கி முடிவுக்கு வருகிறது. தேடுபவரோ முடிவில் நின்றுகொண்டு பின்னோக்கி நடக்கிறார். ஒரு நாற்கரத்தின் பக்கங்களின் நடுப்புள்ளிகளை வரிசையாக இணைத்தால் இணைகரம் கிடைக்கும் என்ற, 1731இல் அச்சான, பிரெஞ்சுக் கணித அறிஞர் வரின்யோனின் தேற்றத்தை இதற்காக எடுத்துக்கொள்கிறேன். இணைகரம் என்று சொல்ல எது போதும்? ஒரு சோடி எதிர்ப்பக்கங்கள் சமமாகவும் இணையாகவும் இருந்தால் போதும். நடுப்புள்ளிகளைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? முக்கோணத்தின் இரு பக்கங்களின் நடுப்புள்ளிகளை இணைக்கும் கோடு மூன்றாம் பக்கத்துக்கு இணை, அதில் பாதி. ஆனால் இங்கே முக்கோணமே இல்லையே? இந்தக் கேள்வி வரும்வரை நான் எதுவும் சொல்லாமல் காத்திருக்கிறேன். கேட்டவுடனே யாராவது ஒருவர் மூலைவிட்டத்தை வரைந்துவிடுகிறார். அந்தக் கோடு எங்கிருந்து முளைத்தது என்று இனி யாரும் வியக்க வேண்டியதில்லை. அதற்கு அப்புறம் நல்ல தாளில் முன்னோக்கி எழுதுவது பத்து நிமிட வேலை.

மதிப்பெண் வழங்குவதிலும் ஒரு மாற்றம் செய்தேன். காரணம் தெரியாத வரிக்குப் பக்கத்தில் ஏதாவது ஒரு தேற்றத்தின் பெயரை எழுதிவைப்பதைவிட, "இது படத்திலிருந்து எடுத்தது, காரணம் இன்னும் கிடைக்கவில்லை" என்று எழுதினால் பாதி மதிப்பெண் உண்டு. பொருந்தாத காரணத்துக்கு ஒன்றும் இல்லை. சில வாரங்களில் தாள்களின் நிறமே மாறிவிட்டது: மனப்பாடமாக ஒப்பிக்கப்பட்ட வரிகள் குறைந்து, எங்கே இடைவெளி இருக்கிறது என்று தெரிந்து எழுதிய வரிகள் கூடின.

அண்மையில் இருசமபக்க முக்கோணத் தேற்றத்தின் மறுதலையைக் கொடுத்திருந்தேன்: இரண்டு கோணங்கள் சமமானால் எதிர்ப்பக்கங்களும் சமம். யூக்ளிட் இதை 6ஆம் கூற்றாக, சமமில்லை என்று கொண்டு முரண்பாட்டுக்கு வந்து நிறுவுகிறார். ஒரு மாணவியின் தாளில் அமைப்பு என்ற தலைப்பே இல்லை. கோணம் ச = கோணம் த; சத = தச; கோணம் த = கோணம் ச; எனவே கோ–ப–கோ (இரு கோணங்களும் இடைப்பக்கமும் சமம்) விதிப்படி முக்கோணங்கள் கசத, கதச சர்வசமம்; ஆகவே கச = கத. அவ்வளவுதான் எழுதியிருந்தாள். ஓரத்தில் பென்சிலால் சிறிய எழுத்தில் ஒரு கேள்வி: "கோ–ப–கோ விதியை நிரூபிக்க இந்தத் தேற்றம் எங்காவது தேவைப்படுகிறதா?" மறுநாள் இருவருமாக அந்த விதியின் நிரூபணத்தை ஒவ்வொரு வரியாகப் பின்னோக்கிப் படித்துப் பார்த்தோம். தேவைப்படவில்லை.