பெரியப்பாவுக்குப் போட்ட இலை

11 ஜூலை 2025, வெள்ளி

கிள்ளானிலிருந்து மத்தியானமே கிளம்புவதாகப் பேச்சு. தம்பி வேலை முடிந்து வரவே மூன்று மணி. ரவாங் தாண்டும்வரை நெரிசல். பெரியப்பாவின் வருஷத் திதி, ஆனித் தேய்பிறை திருதியை, இந்த முறை ஞாயிற்றுக்கிழமை வருகிறது. அதனால் குடும்பம் முழுக்க மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் கூடுகிறது.

தாப்பா ஓய்விடத்தில் இறங்கினோம். அங்கே சாப்பாட்டுக் கடைக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் அம்மா புளிச்சோறு கட்டி வந்திருந்தார். வெள்ளிக்கிழமை என்பதால் நெத்திலி இல்லை, உருளைக்கிழங்குப் பிரட்டல் மட்டும். தம்பிக்குக் கூச்சம். "கடையில வாங்கிக்கலாம்லா" என்று முனகிக்கொண்டே இரண்டு பொட்டலம் காலி செய்தான். அப்பா பீடோர் கொய்யா வாங்கி, அசாம்போய்த் தூளில் (உப்பும் புளிப்புமான பிளம் தூள்) தொட்டுத் தொட்டுத் தின்றார். சர்க்கரை வியாதி அவருக்கு. யாரும் தடுக்கவில்லை.

ஈப்போ சுண்ணாம்பு மலைகள் தெரியத் தொடங்கியபோதுதான் அவர் வாய் திறந்தார். "அண்ணன் இலையில மரவள்ளி வைக்கணும்."

"உங்கம்மா இருந்தா விட்டிருப்பாங்களா?" என்றார் அம்மா.

அதற்குப் பிறகு வீடு போய்ச் சேரும்வரை பேச்சில்லை.

12 ஜூலை, சனி

பெரியம்மா இப்போது இருப்பது தாமானில் (குடியிருப்புப் பகுதி), மகன் வீட்டில். லிந்தாங் சாலையில் பழைய ரப்பர் தோட்டத்துப் பக்கம் காலையில் ஒரு நடை போய் வந்தோம். எல்லாம் பாமாயில் எடுக்கும் செம்பனை. தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் இருந்த மேட்டை அப்பாதான் காட்டினார். ஒரு மாமரத்தை வைத்துத்தான் அவருக்கே அடையாளம் தெரிந்தது.

பசாரில் ஒரு மலாய் அம்மாவிடம் மரவள்ளிக்கிழங்கு வாங்கினோம். மண் ஒட்டிய நல்ல கிழங்கு. அதை அடுக்களையில் தோலுரித்துக்கொண்டே அப்பா சொன்ன கதை எனக்குப் பாதிதான் தெரியும்.

பெரியப்பா 1942இல் பிறந்தவர். மறு வருஷம் தாத்தாவைச் சயாம் (தாய்லாந்து) ரயில்பாதை வேலைக்கு, அப்போது மலாயாவைப் பிடித்திருந்த ஜப்பான்காரன் கொண்டுபோனான். 415 கிலோமீட்டர் பாதை. தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் அங்கே காலராவிலும் மலேரியாவிலும் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். தாத்தா திரும்பி வந்தார். கூடப் போனவர்களில் பலர் வரவில்லை. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் அரிசிக் கப்பல் வந்தால்தான் மலாயாவில் சோறு. அது நின்றதும் மூன்று வேளையும் மரவள்ளி. பாட்டி கைக்குழந்தையோடு அதைத் தின்றே உயிர் பிழைத்தவர். சண்டை முடிந்த பிறகு சாகும்வரை அந்தக் கிழங்கை வீட்டுக்குள் விட்டதில்லை.

பெரியப்பாவுக்கோ அது உயிர். தோட்ட முனையில் இருந்த மலாய்க் கடையில், அவித்த கிழங்கைத் துருவின தேங்காயும் சீனியும் போட்டுத் தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவாராம். "எனக்கும் ஒரு துண்டு குடுப்பாரு, அம்மாகிட்ட சொல்லக்கூடாதுன்னு" என்றார் அப்பா.

அப்பா பிறந்தது 1948. அந்த வருஷம் ஜூன் 16ஆம் தேதி இதே சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகளைக் கம்யூனிஸ்டுகள் சுட்டார்கள். அவசரகாலம் வந்தது, 1960 வரை. காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போகக்கூடாது என்று வாசலில் சோதனை. ரப்பர் மரம் சீவிப் பால் எடுக்கப் போகிறவர்கள் சோறு கொண்டுபோக முடியாது. கடையில் டின் வாங்கினால் கடைக்காரரே ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார், பதுக்கி வைக்க முடியாதபடி. பாட்டி விடியுமுன் நாலு வாய் பழையதைத் தின்றுவிட்டுப் பிரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்) போனால், பால் எடுத்து ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துத் திரும்பும்வரை வெறும் கடுங்காப்பிதான்.

அண்ணி இதையெல்லாம் கேட்டுவிட்டு, "இருந்தாலும் தோட்டத்துச் சாப்பாட்டு ருசி இப்ப வருமா அத்தை?" என்றார். அம்மா வெங்காயம் அரிவதை நிறுத்தவில்லை. "நாலு மணிக்கு எழுந்து ஈர விறக ஊதினவளக் கேளும்மா. முக்கால்வாசி நாளு கருவாடு, இல்லன்னா சார்டின். சம்பளத்தன்னிக்குத்தான் ஆட்டெறச்சி. கையில ஒட்டுப்பால் நாத்தம் போகாது, அந்தக் கையாலதான் பிசைஞ்சு தின்னோம்." அம்மா 1973இல் கல்யாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்தவர். அவர் பக்கம்தான் நானும். பசித்தவர்கள் தின்றதை ருசிப் பட்டியல் போடுவது எனக்கும் உறுத்துகிறது. ஆனால் பெரியம்மாவின் கருவாட்டுக் குழம்பை நான் இரண்டு முறை போட்டுக்கொண்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ராத்திரி படையல். அண்ணன் மகன் சைவக்காரன். ஸ்டவுட் (கறுப்பு பீர்) வைக்கக்கூடாது, பெரியவருக்கு மரியாதை இல்லை என்று பிடிவாதம். "நாளைக்கு பூசை பண்ற பண்டாரம் வர்றப்ப சைவம். இன்னிக்கு அவரு வீட்டுக்கு வர்றாரு, அவரு சாப்பிட்டதத்தான் வைப்பேன்" என்று பெரியம்மா முடித்துவிட்டார். படத்துக்கு மாலை, புது வேட்டி துண்டு, தலைவாழை இலை. சோறு, ஆட்டுக்கறி, கோழிப் பிரட்டல், அவித்த முட்டை, கருவாடு, முறுக்கு. ஓரத்தில் டுரியான் இரண்டு சுளை, வெற்றிலை பாக்கு, கண்ணாடிக் கிளாஸில் ஸ்டவுட். இலையில் இடமில்லாமல் மரவள்ளியைச் சின்னத் தட்டில் வைத்தார் அப்பா, தேங்காயும் சீனியும் தூவி.

சூடம் காட்டிக் கும்பிட்டு எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். வாசலில் செருப்புகளுக்கு நடுவே நின்றுகொண்டு யாரும் சத்தமாகப் பேசவில்லை. பக்கத்து வீட்டுச் சீனர் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, புரிந்ததுபோல டிவி சத்தத்தைக் குறைத்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பெரியம்மா மூன்று தட்டு தட்டிக் கதவைத் திறந்தார். கிளாஸில் நுரை இறங்கியிருந்தது.

"குடிச்சிட்டாரு" என்றார்.

"கிழங்கு?" என்று கேட்டான் அண்ணனின் கடைக்குட்டி. எல்லாரும் தட்டைப் பார்த்தோம். அப்பாவே முதல் துண்டை எடுத்துக்கொண்டார். அப்புறம் பெரியம்மா. ஸ்டவுட் யார் வயிற்றுக்குப் போனது என்று இங்கே எழுதினால் தம்பி பொண்டாட்டி படிப்பாள்.

13 ஜூலை, ஞாயிறு

காலையில் பண்டாரம் வந்து எள்ளும் தண்ணீரும் விட்டு, பிண்டம் வைத்துச் சீக்கிரமே முடித்தார். சாம்பார், வடை, பாயசம். காக்கை வரத் தாமதமானதில் எல்லாருக்கும் பசி. பெரியப்பாவுக்கு எதிலும் அவசரம் கிடையாது என்று அப்பா சமாதானம் சொன்னார்.

சாப்பிட்டு உட்கார்ந்திருந்தபோது பெரியம்மா ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். உள்ளே பிறப்புப் பத்திரம், பழைய சிவப்பு அடையாள அட்டை, கூட்டுறவுச் சங்கப் பங்குப் புத்தகம். தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற காலத்தில், தொழிலாளர் காசைச் சேர்த்துத் தோட்டம் வாங்குவதற்காக 1960இல் மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவர் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அது. அவரும் இந்த ஊர்க்காரர்தான். மாதம் பத்து வெள்ளி (மலாயா டாலர்) கட்டச் சொன்னார்கள். கடைக்கணக்கே அடையாத வீட்டில் பத்து வெள்ளியா என்று பாட்டி அன்று அடுப்பு மூட்டவில்லையாம். பெரியப்பாதான் தம்பியைக் கூட்டிக்கொண்டு மலாய்க் கடைக்குப் போய்ப் பசியாற வைத்திருக்கிறார்.

"என்ன வாங்கிக் குடுத்தாரு?" என்று கேட்டேன்.

"வேற என்ன, மரவள்ளிதான்" என்றார் அப்பா. அம்மாவே சிரித்துவிட்டார்.

நாலு மணிக்குக் கிளம்பினோம். வண்டிக்குள் வடை, பாயசம், மிச்சக் கருவாடு, டுரியான். சன்னலைத் திறந்துவைத்துத்தான் ஓட்ட வேண்டும் என்று தம்பி புலம்பினான். அடுத்த வருஷத் திதி வேலை நாளில் வருமாம், பண்டாரம் பஞ்சாங்கம் பார்த்துச் சொன்னார். லீவு கிடைக்குமா என்று அண்ணன் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தார். பெரியம்மா கார் சன்னல் வழியே அம்மாவிடம், "ஆட்டெறச்சி விலை போற போக்கப் பாரு. அடுத்த வருஷம் கோழி மட்டும் போதும், என்னம்மா?" என்றார். "சம்பளத்தன்னிக்கு வந்தா பாத்துக்கலாம்கா" என்றார் அம்மா.