கருப்பட்டியின் காதும் எங்கள் எட்டு மாதமும்

போன சனிக்கிழமை டாக்டர் எங்கள் நாய் கருப்பட்டியின் காதுக்குள் கேமரா விட்டுத் திரையில் காட்டினார். வெளிறிய, மெல்லிய, லேசாக ஒளி ஊடுருவுகிற ஒரு சவ்வு. "இதாம்மா செவிப்பறை. முழுசா இன்னைக்குத்தான் தெரியுது" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நவம்பர் மழையில் ஆரம்பித்தது ஜூலையில் முடிந்திருக்கிறது, அதில் பாதி மாதங்கள் வீணாகப் போனவை. வீட்டில் கருப்பட்டி மாதிரி காக்கர் ஸ்பேனியல் இன நாய் வளர்ப்பவர்கள் அந்தப் பாதியையாவது மிச்சம் பிடிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கருப்பட்டிக்கு இரண்டரை வயது, 13 கிலோ, பெயருக்கேற்ற நிறம். தடுப்பூசி, மாநகராட்சி உரிமம், வெளியே போய்ச் சிறுநீர் கழிக்கப் பழக்கியது எதிலும் சிரமமில்லை. என் மகன் பள்ளி விட்டு வரும் நேரத்துக்கு வாசலில் போய் உட்கார்ந்துகொள்ளும். சிக்கல் முழுக்கக் காதில்தான்.

நாயின் காதுத் துவாரம் நம்முடையது போல நேரே போகாது. முதலில் கீழே இறங்கி, அப்புறம் உள்பக்கமாக மடங்கும். ஸ்பேனியலுக்கு அதன்மேல் கனமான மடல் மூடிபோல விழுந்து கிடக்கிறது, உள்ளே முடியும் அதிகம், மெழுகு சுரக்கிற சுரப்பிகளும் மற்ற நாய்களைவிட அதிகம். இத்தோடு சென்னையின் புழுக்கமும் மழையும் சேர்ந்தால் காது உலரவே உலராது. இது எனக்கு நாயை வாங்கும்போது தெரியாது. விற்றவரும் சொல்லவில்லை.

முதலில் வந்தது வாசனை, புளித்த மாவு வாசனை மாதிரி. அப்புறம் ஓயாமல் தலையை உதறியது. பக்கத்துக் கிளினிக்கில் மடலைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒரு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள், மொத்தமே இரண்டு நிமிடம். ஒரே வாரத்தில் சரியாகிவிட்டது. பத்து நாளில் திரும்ப வந்தது. அதே மருந்து, அதே நிம்மதி, மறுபடி அதே வாசனை. மூன்றாவது முறை நான் கிளினிக்குக்கே போகவில்லை, பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கிவிட்டேன். இதை நினைத்தால் இன்னும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. அந்தச் சொட்டு மருந்தில் பாக்டீரியாவைக் கொல்வது ஒன்று, பூஞ்சைக்கு ஒன்று, வீக்கத்தைக் குறைக்கிற ஸ்டீராய்டு ஒன்று என மூன்று சேர்ந்திருக்கிறது. ஸ்டீராய்டு அரிப்பை அடக்கிவிடுவதால் பார்க்கிறவர்களுக்குக் குணமானது போலவே தெரியும், கிருமியோ உள்ளே அப்படியே இருந்து அந்த மருந்துக்குப் பழகிக்கொண்டே போகும். அதைவிடப் பெரிய ஆபத்து, செவிப்பறை கிழிந்திருக்கிறதா என்று பார்க்காமல் ஜென்டாமைசின் போன்ற மருந்தை விட்டால் கேட்கும் திறனே போய்விடலாம். இரண்டாவது முறை வந்தபோதே நான் கேட்டிருக்க வேண்டியது ஒன்றுதான்: "காதழுக்கை மைக்ராஸ்கோப்பில் பார்த்தீர்களா?" பஞ்சுக் குச்சியில் தொட்டு, கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயம் போட்டுப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். பூஞ்சையா பாக்டீரியாவா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

பிப்ரவரியில் இடது காது வீங்கித் துவாரமே குறுகிவிட்டது, தொட்டால் கத்தியது. காதுக்குள் கேமரா வைத்துப் பார்க்கிற ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போன் செய்தேன். "கூட்டிட்டு வாங்க மேடம், பாத்துக்கலாம்" என்றார்கள், அவ்வளவுதான். பெரம்பூரிலிருந்து நாயை ஏற்ற மாட்டேன் என்று மூன்று ஆட்டோ போய், நான்காவது ஆட்டோ ஒப்புக்கொண்டு போய்ச் சேர்ந்து, இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "காலையில என்ன சாப்பிட்டான்?" முட்டையும் சோறும் என்றேன். வலி இருப்பதால் மயக்கம் கொடுக்காமல் பார்க்க முடியாது, வயிறு நிறைந்திருந்தால் மயக்கம் கொடுக்க முடியாது. சரி, மாதிரியாவது எடுக்கலாம் என்றால், சுத்தமாகக் கூட்டிப்போக வேண்டுமே என்று அன்று காலைதான் நான் காதைக் கழுவி மருந்தும் விட்டிருந்தேன். அதுவும் முடியாது என்றார். முன்பு விட்ட மருந்தின் பெயரும் ஞாபகமில்லை, சீட்டும் கையில் இல்லை. ஆட்டோவுக்கும் டோக்கனுக்கும் பணம் கொடுத்துவிட்டு அப்படியே திரும்பினோம். போனை எடுத்தவர் "வெறும் வயிறு, மருந்து விடாதீர்கள், பழைய சீட்டு" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அந்த நாள் மிச்சம், நாய்க்கு வலியும் ஒரு வாரம் குறைந்திருக்கும். நீங்கள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காலியான மருந்துப் புட்டிகளைக் கூட எறியாமல் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.

இரண்டாம் முறை மூன்று நாள் எந்த மருந்தும் விடாமல், முந்தைய இரவோடு சாப்பாட்டை நிறுத்திக் கூட்டிப்போனேன். மயக்கத்தில் காதைக் கழுவியபோது வந்த அழுக்கைப் பார்க்கவே சகிக்கவில்லை. மைக்ராஸ்கோப்பில் பூஞ்சையும் இருந்தது, குச்சி வடிவப் பாக்டீரியாவும் இருந்தது. மாதிரியைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்து அது எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்க்கும் சோதனைக்கு அனுப்பினார்கள். அன்று சனிக்கிழமை மதியம் என்பதால் ஆய்வகத்துக்கே திங்கட்கிழமைதான் போனது, ரிப்போர்ட் வர வியாழன் ஆகிவிட்டது. வாரத் தொடக்கத்தில் போவது நல்லது. சூடோமோனாஸ் என்று வந்திருந்தது, லேசில் மருந்துக்கு அடங்காத ஒரு பாக்டீரியா. நாங்கள் மூன்று முறை வாங்கி விட்ட மருந்துக்கு நேரே 'ஆர்', அதாவது அந்தக் கிருமியை அது ஒன்றுமே செய்யாது. இன்னும் இப்படியே போயிருந்தால் துவாரம் சுண்ணாம்பு படிந்து கெட்டியாகிவிடும், அப்புறம் காதுக் குழாயையே வெட்டி எடுக்கும் அறுவை சிகிச்சைதான் என்றார் டாக்டர். அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை.

அதன்பிறகு மருந்து வேலை செய்தது. முதலில் டிரிஸ் இடிடிஏ (கிருமியின் மேலுறையைத் தளர்த்தி மருந்துக்கு வழிவிடுவது) கலந்த கழுவு திரவம், கால் மணி நேரம் கழித்து ரிப்போர்ட்டில் 'எஸ்', அதாவது கிருமி கட்டுப்படும் என்று வந்த மருந்து, தினமும் இரண்டு வேளை. கழுவும்போது திரவத்தைத் துவாரம் நிரம்ப ஊற்றி, காதின் அடிப்பகுதியை வெளியிலிருந்து அரை நிமிடம் பிசைய வேண்டும், சளக் சளக் என்று சத்தம் கேட்டால்தான் உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். பிறகு நாயையே உதற விட்டு, வெளியே வந்ததை மட்டும் பஞ்சால் துடைக்க வேண்டும். காது குடையும் குச்சியைத் தொடவே தொடாதீர்கள், அழுக்கை அது உள்ளேதான் தள்ளும். ஹைட்ரஜன் பெராக்சைடும் வேண்டாம்.

ஆனால் எதனால் திரும்பத் திரும்ப வருகிறது என்பது அப்போதும் தெரியவில்லை. உணவு ஒவ்வாமையாக இருக்கலாம், எட்டு வாரம் இதுவரை சாப்பிடாத ஒரே ஒரு புரதம் மட்டும் கொடுத்துப் பாருங்கள் என்றார்கள். மத்தி மீனும் பூசணியும் சோறும் கொடுத்தோம். மூன்றாவது வாரம் மாமியார் மதியத்தில் தயிர் சாதம் ஊட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். "வாயில்லா ஜீவன், ஏக்கமா பாக்குதே" என்றார். அத்தையிடம் கோபப்பட மனம் வரவில்லை, ரிப்போர்ட்டைக் காட்டி, காதுக் குழாயை வெட்டி எடுக்கும் விஷயத்தைச் சொன்னேன். மறுபடி முதல் நாளிலிருந்து எண்ணினோம். அதன்பிறகு பிஸ்கட் டப்பாவைப் பூட்டி வைத்தது அத்தைதான். எட்டு வாரம் முடிந்து தயிர், முட்டை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தோம், ஒன்றும் ஆகவில்லை. கோழி கொடுத்த மூன்றாம் நாள் பாதங்களை நக்க ஆரம்பித்தது, காதும் சிவந்தது. நிறுத்தினோம், அடங்கிவிட்டது. அதுவரை நாங்கள் ஆசை ஆசையாக வேகவைத்துப் போட்டது கோழிதான்.

இப்போது வழக்கம் இதுதான். காது வெளியே தொங்குகிற மாதிரி வாய் குறுகிய ஆழமான பாத்திரத்தில் சாப்பாடு, தண்ணீர். குளிக்கும்போது காதில் பஞ்சு, முடிந்ததும் மறக்காமல் எடுக்க வேண்டும். மடலின் உள்பக்க முடியை இயந்திரத்தால் ஒட்ட எடுக்கச் சொல்கிறேன், கத்தரிக்கோல் வைக்க விடுவதில்லை. காதின் பின்புறம், அக்குள் இரண்டும் தினமும் சீப்பு, இல்லையென்றால் இரண்டே நாளில் சிக்குப் பிடித்துத் தோலை இழுக்கும். காதைக் கழுவுவது வாரம் ஒரு முறை, ஞாயிறு மாலை. மகன் பாயை விரித்துப் புட்டியைக் குலுக்கினால் கருப்பட்டி தானாக வந்து, முதலில் இடது காதைக் காட்டிப் படுத்துக்கொள்கிறது.