பூனை மேல இருக்கிற தெள்ளு கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் சோஃபாவுக்கு அடியில

முதல்ல சத்தம்தான் கேட்டுச்சு. ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் ஹால்ல இருந்து தட் தட் தட்னு, யாரோ தரையைத் தட்டிக்கிட்டே இருக்கிற மாதிரி. எழுந்து போய் பாத்தா கறுப்பி பின்னங்காலைத் தூக்கி கழுத்தைச் சொறிஞ்சுட்டு இருக்கா, வேகத்துல அந்தக் கால் ஒவ்வொரு தடவையும் தரையில இடிக்குது. பூனைன்னா சொறியத்தானே செய்யும்னு ரெண்டு மூணு நாள் விட்டுட்டேன். அப்புறம் வால் ஆரம்பிக்கிற எடத்துல முடி மெலிஞ்சு தோல் தெரிய ஆரம்பிச்சப்பதான் பயம் வந்துச்சு.

மடியில போட்டு முடியை விலக்கி விலக்கிப் பாத்தேன், ஒரு பூச்சி கூட கண்ணுல படல. அவ பேருக்கேத்த மாதிரி முழுக் கறுப்பு, தெள்ளோ ரெண்டு மில்லிமீட்டர் நீளத்துல கரும்பழுப்பா இருக்கும், முடிக்குள்ள குறுக்கால ஓடிடும், எங்க தெரியப்போகுது. அதோட பூனை நாள் முழுக்க உடம்பை நக்கிக்கிட்டே இருக்குறதால நிறைய தெள்ளை முழுங்கியே தீர்த்துடும். அதனால பூச்சி தெரியலன்னா பூச்சி இல்லன்னு அர்த்தம் இல்ல. தேட வேண்டியது பூச்சியை இல்ல, அதோட எச்சத்தை. நெருக்கமான பல்லு இருக்கிற தெள்ளுச் சீப்பை வால் பக்கத்துல ரெண்டு தடவை இழுத்தேன், மிளகுத் தூள் மாதிரி கறுப்பா பொடிப் பொடியா வந்துச்சு. அழுக்கா இருக்கும்னுதான் தோணும். அதை ஒரு வெள்ளை டிஷ்யூல கொட்டி ரெண்டு சொட்டு தண்ணி விட்டேன். கொஞ்ச நேரத்துல ஒவ்வொரு பொடியைச் சுத்தியும் செம்பழுப்பா ஒரு வட்டம் பரவிச்சு. அது ரத்தம். கறுப்பியோட ரத்தம்தான், தெள்ளு குடிச்சு வெளியேத்தினது காஞ்சு போய் இருந்திருக்கு. அந்த டிஷ்யூவை கையில வச்சுக்கிட்டு நின்னப்ப மனசு ரொம்ப கஷ்டமா போச்சு, இத்தனை நாளா சொறியத்தானே செய்யும்னு விட்டுருக்கோமேன்னு.

இங்க ஒரு விஷயம் சொல்லிடணும், நிறைய பேர் தெள்ளு, உண்ணி, பேன் மூணையும் ஒண்ணா போட்டுக் குழப்பிக்கிறாங்க. உண்ணி ஒரே எடத்துல கடிச்சுக்கிட்டு உருண்டையா உப்பி ஒட்டிக்கிட்டு இருக்கும். பேன் மெதுவா ஊரும். தெள்ளு ரெண்டு பக்கமும் நசுக்கின மாதிரி தட்டையா இருக்கும், ஓடும், குதிக்கும், விரலுக்கு நடுவுல வச்சு அழுத்தினாலும் சாகாது, நழுவித் தாவிடும். எல்லா மருந்தும் மூணுக்கும் கேக்காது, அதனால எதுன்னு தெரிஞ்சுக்காம மருந்து வாங்காதீங்க.

நாங்க டாக்டர்கிட்ட போனோம், எடை பாத்து கழுத்துல விடுற ட்யூப் மருந்து கொடுத்தாங்க. போட்டோம். ரெண்டு நாள்ல சொறியிறது குறைஞ்சுச்சு, அப்பாடான்னு இருந்தோம், அடுத்த மாச ட்யூப்பைப் போடவே இல்ல. நல்லா ஆயிட்டாளே, எதுக்கு தேவையில்லாம மருந்துன்னு ஒரு எண்ணம். கொஞ்ச வாரத்துல அதே தட் தட் தட், இந்தத் தடவை எங்க கணுக்காலைச் சுத்தியும் சின்னச் சின்னச் செவப்புப் புள்ளி, அரிப்பு தாங்கல. மருந்து வேலை செய்யலன்னு கோவத்தோட போன் பண்ணினேன். டாக்டர் பொறுமையா கேட்டுட்டு ஒண்ணு மட்டும் கேட்டாங்க, "பூனைக்கு மருந்து போட்டீங்க சரி, வீட்டுக்கு என்ன பண்ணீங்க?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தப் போஸ்டே எழுதுறேன். பூனை உடம்புல நாம பாக்குற வளர்ந்த தெள்ளு, மொத்தக் கூட்டத்துல சுமார் 5 சதவீதம்தான். மிச்சம் 95 சதவீதம் முட்டையா, புழுவா, கூடா வீட்டுக்குள்ள கிடக்கு. பெண் தெள்ளு பூனை மேல ஏறி ரத்தம் குடிச்சு ஒண்ணு ஒண்ணரை நாள்ல முட்டை போட ஆரம்பிச்சிடும், ஒரு நாளைக்கு 40, 50 வரைக்கும் கூட போடும், அந்த முட்டை ஒட்டாது, வழவழன்னு இருக்கும், பூனை நடக்குற எடம் குதிக்கிற எடம் தூங்குற எடம்னு எல்லா எடத்துலயும் உதிர்ந்துக்கிட்டே இருக்கும். அதுல இருந்து வர்ற புழுவுக்கு வெளிச்சம் ஆகாது, அதனால கார்ப்பெட் அடியில, சோஃபா இடுக்குல, கட்டிலுக்குக் கீழன்னு போய் ஒளிஞ்சுக்கும். அது திங்கிறது எதைன்னு நினைக்கிறீங்க, மேல சொன்னேனே அந்த ரத்தப் பொடி, அதைத்தான். அதுவும் பூனை மேல இருந்து முட்டையோட சேர்ந்தே உதிரும்.

அப்புறம் புழு கூடு கட்டிக்கும். இந்தக் கட்டம்தான் எல்லாரையும் ஏமாத்துறது. கூடு பிசுபிசுன்னு இருக்கும், தூசியும் நூலும் ஒட்டி பாக்க ஒரு துளி குப்பை மாதிரியே தெரியும், வீட்டுல அடிக்கிற ஸ்ப்ரே அதுக்குள்ள சரியா போய்ச் சேராது. உள்ள தெள்ளு முழுசா வளர்ந்து ரெடியா இருந்தாலும் வெளிய வராம மாசக்கணக்குல காத்துக்கிட்டு இருக்கும். யாராவது நடக்குற அதிர்வு, உடம்புச் சூடு, நாம விடுற மூச்சுல இருக்கிற கார்பன் டை ஆக்ஸைடு, இதுல ஒண்ணு பட்டா போதும், உடனே வெளிய வந்து தாவும். ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து உள்ள காலை வச்ச உடனே காலெல்லாம் தெள்ளு ஏறுதுன்னு சொல்றாங்கல்ல, காரணம் இதுதான். சூடும் ஈரப்பதமும் தோதா இருந்தா முட்டையில இருந்து தெள்ளு வரைக்கும் மூணு வாரத்துலயே முடிஞ்சிடும். நாங்க ஒரு ட்யூப்போட நிறுத்தினப்ப, அது வரைக்கும் கூட்டுக்குள்ள காத்துட்டு இருந்ததுங்க எல்லாம் வெளிய வந்து நேரா கறுப்பி மேல ஏறிடுச்சு. மருந்து மேல ஒரு தப்பும் இல்ல.

ரெண்டாவது தடவை முறையா பண்ணினோம். அவ படுக்குற துணி, சோஃபா கவர், எங்க பெட்ஷீட் எல்லாத்தையும் வாரம் ஒரு தடவை 60 டிகிரி சுடுதண்ணியில துவைச்சோம். துணியை எடுக்கும்போது உதறாதீங்க, அப்படியே நாலு மூலையையும் உள்பக்கமா சுருட்டி எடுங்க, இல்லன்னா முட்டையெல்லாம் தரைக்குப் போயிடும். வேக்யூம் முதல் ரெண்டு வாரம் தினமும், அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள். சோஃபா குஷனைத் தூக்கி அடியில, சுவர் ஓரம், கட்டில் கீழ, கறுப்பி வெயில் காயுற ஜன்னல் திட்டு, அவளைத் தூக்கிட்டுப் போற கூடை கூட. முடிச்ச உடனே பையைக் கட்டி வெளிக் குப்பையில போட்டுடணும், உள்ளயே வச்சா அதுல இருந்தே திரும்ப வரும். வேக்யூம் போட்ட அன்னிக்கு தெள்ளு அதிகமா தெரிஞ்சா பயப்படாதீங்க, அந்த அதிர்வுக்குத்தான் கூட்டுல இருந்து வெளிய வருது, அது நமக்கு நல்லதுதான், வெளிய வந்தாத்தானே மருந்து போட்ட பூனை மேல ஏறிச் சாகும். வீட்டுக்கு அடிக்கிற ஸ்ப்ரே வாங்கினா மெத்தோப்ரீன் இல்லன்னா பைரிப்ராக்ஸிஃபென் இருக்கான்னு பாருங்க, அது முட்டையையும் புழுவையும் மேல வளர விடாது. காயுற வரைக்கும் பூனையை அந்த ரூம்ல விடாதீங்க. மீன் தொட்டி இருந்தா மூடி வச்சு ஏர் பம்ப்பை நிறுத்திட்டு அடிங்க, மீனுக்கு இதுல பல மருந்து விஷம்.

வீட்டுல இன்னொரு பூனை, நாய் இருந்தா எல்லாத்துக்கும் ஒரே நாள்ல அததுக்கான மருந்தைப் போடணும். சொறியாததுக்கும் போடணும். நாய் மேல பெரும்பாலும் இருக்கிறதே இந்தப் பூனைத் தெள்ளுதான். மாசம் ஒண்ணு, குறைஞ்சது மூணு மாசம், நடுவுல விடாம.

ட்யூப் போடுறதும் ஒரு பழக்கம்தான். மண்டை முடிஞ்சு கழுத்து ஆரம்பிக்கிற எடம், அங்க அதுக்கு நாக்கு எட்டாது. முடியை ரெண்டு பக்கமும் விலக்கி தோல் தெரியுதான்னு பாத்து தோல் மேலயே விடணும், முடி மேல விட்டா வீண். நக்கிட்டா கசப்புல வாயில நுரை தள்ளும், பாக்கவே பயமா இருக்கும், பொதுவா கொஞ்ச நேரத்துல அடங்கிடும், அடங்கலன்னா டாக்டருக்குப் போன் பண்ணுங்க. மருந்துக்கு முன்னாடியும் பின்னாடியும் ரெண்டு நாள் குளிப்பாட்ட வேண்டாம். ஃபிப்ரோனில், செலமெக்டின், இமிடாக்ளோப்ரிட்னு பல வகை இருக்கு, வயசும் எடையும் பாத்து டாக்டர் சொல்றதை வாங்குங்க. முயலும் வளர்க்கிறவங்க ஃபிப்ரோனிலை அது பக்கமே கொண்டு போகாதீங்க, முயல் உயிருக்கே ஆபத்து.

இப்ப சொல்றதை மட்டும் தயவு செஞ்சு ரெண்டு தடவை படிங்க. எங்களுக்குத் தெரிஞ்சவங்க ஒருத்தங்க, நாய்க்கு வாங்கினதுல மிச்சம் இருக்கு, பாதி மட்டும் போடுங்கன்னு பாசமா ஒரு ட்யூப் கொடுத்தாங்க. அட்டையைத் திருப்பிப் பாத்தா பெர்மெத்ரின்னு போட்டிருக்கு. நாய்க்கு அது ஒண்ணும் பண்ணாது, பூனைக்கு அது விஷம். பூனையோட கல்லீரலால அதை சரியா உடைச்சு வெளியேத்த முடியாது, கொஞ்சம் பட்டாலே உடம்பு நடுங்கும், தசை துடிக்கும், வலிப்பு வரும், செத்தும் போகலாம். பாதி போட்டா பாதி ஆபத்துங்கற கணக்கெல்லாம் இதுல கிடையாது. அந்த மருந்து போட்ட நாயோட ஒட்டிப் படுத்தாலே கூட பூனைக்கு வந்துடலாம். தெரியாம போட்டுட்டீங்கன்னா என்ன ஆகுதுன்னு பாத்துட்டு உக்காராதீங்க, உடனே டாக்டருக்குப் போன் பண்ணுங்க, வலிப்பு இல்லன்னா மட்டும் பாத்திரம் கழுவுற சோப்பு போட்டு வெதுவெதுப்பான தண்ணியில கழுவிட்டு துணியில சுத்தித் தூக்கிட்டு ஓடுங்க. இயற்கைதானேன்னு டீ ட்ரீ ஆயில் தடவுறதும், தெள்ளு ஓடிடும்னு பூண்டு கொடுக்கிறதும் இதே மாதிரிதான், ரெண்டுமே பூனைக்கு விஷம்.

தெள்ளு போனதோட வேலை முடியாது, அதுவும் சொல்லிடறேன். தெள்ளுப் புழு வழியா நாடாப்புழு வரும், தெள்ளை முழுங்குற பூனை வயித்துல அது வளரும். கறுப்பியோட வால் கீழ அரிசி மாதிரி ஒண்ணு ஒட்டிக்கிட்டு லேசா அசைஞ்சதைப் பாத்துட்டு மறுபடியும் ஓடினோம், புழு மருந்து கொடுத்தாங்க, சரியாச்சு. சில பூனைக்கு தெள்ளோட எச்சில்தான் அலர்ஜி, ஒண்ணு ரெண்டு கடிச்சாலே முதுகெல்லாம் சொறி சொறியா வந்துடும், அவங்கல்லாம் வருஷம் பூரா மருந்து போட்டுக்கிட்டே இருக்க வேண்டியதுதான்.

இதெல்லாம் இப்ப உக்காந்து எழுதக் காரணம், என் ஃப்ரெண்டு ஒருத்தி தாயில்லாத ஒரு குட்டியை எடுத்துட்டு வந்திருக்கா, அஞ்சு வாரம்தான் இருக்கும், உடம்பு முழுக்க தெள்ளு. அந்த வயசுல பெரும்பாலான ட்யூப் மருந்து போடக்கூடாது, எட்டு வாரமாவது ஆகணும். ஆனா சும்மாவும் விட முடியாது, அவ்ளோ சின்ன உடம்புல ரத்தமே கொஞ்சம்தான், தெள்ளு குடிச்சுக் குடிச்சே ரத்தசோகை வந்து செத்துப்போகும் குட்டிங்க. போன்லயே உதட்டைத் தூக்கி ஈறைப் பாக்கச் சொன்னேன், வெளுத்துதான் இருக்குன்னா, நேரா டாக்டர்கிட்ட போகச் சொல்லிட்டேன். போய்ட்டு வந்துட்டா. சூடா வச்சுக்கணும், அடிக்கடி பூனைக்குட்டிக்குன்னே விக்கிற பால்பவுடரைக் கரைச்சுக் கொடுக்கணும், தினமும் ரெண்டு வேளை சீப்பால வாரி எடுக்கணும்னு சொல்லி இருக்காங்க.

நாளைக்கு காலைல என் சீப்பை எடுத்துட்டுப் போறேன். ஒரு கிண்ணம் தண்ணியில ரெண்டு சொட்டு பாத்திர சோப்பு விட்டுக்கணும், வெறும் தண்ணியில தெள்ளு மிதந்து தாவிடும், சோப்புத் தண்ணியில மூழ்கிடும். கழுத்துல ஆரம்பிச்சு முகம், காது பின்னாடி, அப்புறம் முதுகு, வயிறு, கடைசியா வால் பக்கம், ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பைக் கிண்ணத்துல முக்கி எடுக்கணும். அவளுக்குத் தனியா பிடிக்க வராது, குட்டி கையில நிக்காம நெளியுதாம். நான் பிடிச்சுக்கிறேன்னு சொல்லி இருக்கேன்.